கைவேலை கால் மணி நேரம்: அரிசிம்பருப்பும் அவசரத்துக்கு உதவும் வேறு இரண்டும்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து வீடுகளில், என்ன சமைப்பது என்று முடிவெடுக்க முடியாத நாளில் அடுப்பில் ஏறுவது அரிசி பருப்புச் சாதம்தான். பேச்சில் அது ‘அரிசிம்பருப்பு’ ஆகிவிடும். இதைச் சாம்பார் சாதத்தின் எளிய வடிவம் என்று எண்ணுவது தவறு. இதில் புளியும் சேராது, சாம்பார்ப் பொடியும் சேராது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் ஆகிய மூன்றின் மணத்தையே இந்தச் சாதம் நம்பியிருப்பதால், அவற்றில் சிக்கனம் காட்டினால் மஞ்சள் நிறச் சோறு மட்டுமே மிஞ்சும்.

மூன்று பேருக்கு ஒரு கப் அரிசியும் கால் கப்புக்குச் சற்று அதிகமான துவரம்பருப்பும் போதும். இரண்டையும் ஒன்றாகக் கழுவி 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இதுதான். ஊறாத பருப்பு, அதிலும் பழைய பருப்பாகவோ ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் வேகும் பருப்பாகவோ இருந்தால், அரிசி குழைந்த பிறகும் நறுக்கென்று பல்லில் கடிபடும். ஊறும் நேரத்தில் 15 சின்ன வெங்காயத்தை உரித்துவிடலாம். முதலில் சில நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் எளிதாகக் கழன்று வரும். பூண்டு எட்டுப் பல், தக்காளி ஒன்று, வரமிளகாய் நான்கு, கறிவேப்பிலை இரண்டு கொத்து ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குக்கரில் இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி கடுகைப் போட்டு, அது முழுவதும் பொரிந்து அடங்கிய பிறகே ஒரு தேக்கரண்டி சீரகத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் சீரகம் கருகிவிடும். அடுத்து மிளகாய், கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம். வெங்காயத்தை நறுக்காமல் முழுதாகவோ இரண்டாக வகுந்தோ போடுவது என் பழக்கம். சாப்பிடும்போது இனிப்பாக வாயில் அகப்பட வேண்டும் என்பதே காரணம். அதன் ஓரம் பொன்னிறமானதும் தக்காளியையும் கால் தேக்கரண்டி மஞ்சள் தூளையும் சேர்த்துக் குழைய வதக்க வேண்டும். தக்காளி ஒன்றுக்கு மேல் வேண்டாம்: புளிப்பு கூடினால் பருப்பு வேகத் தாமதமாகும், சீரக மணமும் அமுங்கிப்போகும்.

தண்ணீர் அளவில்தான் கை தவறும். புது அரிசிக்கு மூன்று கப் போதும். பழைய அரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் மூன்றரை கப் தேவைப்படும். தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு ருசி பார்த்து, அது சற்றே கரிப்பாக இருக்கும்போது ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு மூட வேண்டும். மிதமான தீயில் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பசியில் விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால், அந்தப் பத்து நிமிடப் புழுக்கத்தில் பக்குவப்பட வேண்டிய பருப்பு அரைகுறையாக நின்றுவிடும். நானே இருமுறை இப்படிக் கெடுத்திருக்கிறேன். ஆக, மொத்தம் முக்கால் மணி நேரம் ஆனாலும் அதில் நாம் நின்று வேலை செய்வது கால் மணி நேரம்தான்.

திறந்தவுடன் ஒரு கரண்டி நெய் விட்டு, குழைத்துவிடாமல் அடியிலிருந்து புரட்ட வேண்டும். ஆற ஆற இறுகும் சாதம் ஆகையால், தாமதமாகச் சாப்பிடுபவருக்குக் கொஞ்சம் வெந்நீர் கலந்து இளக்கித் தரலாம். தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும் போதும். தை மாதத்தையொட்டிப் பச்சை மொச்சை கிடைக்கும்போது பருப்போடு ஒரு கைப்பிடி சேர்த்தால், வேறு பொரியல் தேடத் தேவையில்லை.

குக்கரே வேண்டாம் என்ற நாளுக்கு மோர்க்களி. ஒரு கப் அரிசி மாவை இரண்டரை கப் புளித்த மோரில் உப்புடன் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், பெருங்காயம் தாளித்து, கரைசலை ஊற்றிச் சிறுதீயில் கிளற வேண்டும். மோர்மிளகாயிலேயே உப்பு இருக்கும் என்பதை நினைவில் வைத்து உப்பைக் குறைத்துப் போடுவது நல்லது. தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத நிலையே பதம். மோர் புளிக்காமல் இருந்தால் இதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

காலைச் சோறு மீந்திருந்தால் எலுமிச்சை சாதம் பத்து நிமிட வேலை. சோற்றை வெளியிலேயே வைத்திராமல், ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த சோறு உதிரியாகவும் வரும். கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி, மஞ்சள் தூள் ஆகியவற்றைத் தாளித்து, சோற்றை உப்புடன் அதில் நன்றாகச் சூடேறும்வரை கிளறி, அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாற்றைக் கலக்க வேண்டும். சாறு கொதித்தால் கசந்துவிடும்.