நட்சத்திர ஆட்டக்காரர் சறுக்கினால் கோச் மீது பழி போடலாமா? பார்த்துச் சொல்லும் முறை

பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவர் தொடர்ந்து நாலு போட்டியில் கட் (கடைசிச் சுற்றுகளுக்குத் தேறுவது) தவறினால் போதும், கோச்சின் தலை உருளத் தொடங்கிவிடும். கோச் உண்மையிலேயே ஆட்டத்தைக் கெடுப்பதும் உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்: அவர் தொட்ட இடமும் கெட்ட இடமும் ஒன்றா என்று பார்ப்பது.

முதலில் தேதி போடுங்கள்

கோப்பைகளை எண்ணாதீர்கள், சுற்றுகளை (18 ஓட்டைகள் ஆடினால் ஒரு சுற்று) எண்ணுங்கள். குறைந்தது 50 சுற்றுகளை எடுத்து, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். பத்துப் பன்னிரண்டு சுற்றுகளில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் பட்டிங்கின் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) தற்செயலுக்கும் கணிசமான பங்கு உண்டு.

அடுத்து, கோச் வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். டைகர் வுட்ஸ் கோச் ஷான் ஃபோலியிடம் சேர்ந்தது 2010 ஆகஸ்டில். சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2011-இல் காயத்தால் யு.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன் இரண்டிலுமே ஆடவில்லை; உலகத் தரவரிசையில் 50-க்கும் கீழே போனார். பிறகு அதே ஃபோலியின் கீழ் 2012-இல் 3 வெற்றி, 2013-இல் 5 வெற்றி, மீண்டும் முதலிடம். மேஜர் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) எதுவும் கிடைக்கவில்லை என்ற குறையை வைத்து மட்டும் இந்த நான்கு ஆண்டுகளைத் தோல்வி என்பது அநியாயம்.

ஆட்டத்தை நான்காக உடையுங்கள்

டீ ஷாட் (தொடக்க அடி), அப்ரோச் (கிரீனை, அதாவது குழி இருக்கும் புல்தரையை, நோக்கிய அடி), கிரீனைச் சுற்றிய ஆட்டம், பட்டிங். பி.ஜி.ஏ. டூர் வெளியிடும் 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' எண்கள் (சராசரியைவிட எத்தனை அடி மிச்சம் என்ற கணக்கு) இதற்காகவே இருக்கின்றன. கணக்கு எளிது. 400 யார்டு நீள ஓட்டையை (தொடக்க இடத்திலிருந்து குழி வரை) டூர் ஆட்டக்காரர்கள் சராசரியாக 3.99 அடிகளில் முடிக்கிறார்கள். ஃபேர்வேயில் (வெட்டிய புல் பாதையில்) குழிக்கு 100 யார்டு மிச்சமிருந்தால் இன்னும் சராசரி 2.80. குழிக்கு 8 அடி தூரத்திலிருந்து பட் என்றால் 1.50, அதாவது பாதி விழும், பாதி விழாது.

ஒருவர் டிரைவரால் (நெடுந்தூர மட்டை) அடித்து 100 யார்டு மிச்சம் வைக்கிறார்: 3.99-இல் 2.80 போக, அடித்த ஒன்றையும் கழித்தால் 0.19 லாபம். அடுத்த ஷாட்டைக் குழிக்கு 8 அடி தூரத்தில் நிறுத்துகிறார்: 0.30 லாபம். பட் விழுந்தால் இன்னும் 0.50 லாபம், பெர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு). விழாமல் இரண்டாகப் போனால் 0.50 நஷ்டம், வெறும் பார் (அந்த ஓட்டைக்கு நிர்ணயித்த அடிகள்). ஸ்கோர்கார்டில் பார் என்று மட்டுமே தெரியும். முதல் இரண்டு அடியும் அருமையாக இருந்தது அதில் தெரியாது.

2023-இல் ஸ்காட்டி ஷெஃப்லர் டீயிலிருந்து கிரீன் வரை டூரிலேயே முதலிடம். பட்டிங்கில் 150-ஆம் இடத்துக்கும் கீழே. அவருடைய ஸ்விங் (மட்டையை வீசும் முறை) கோச் ராண்டி ஸ்மித்தை இதற்காகக் குறை சொன்னால் யாராவது ஏற்பார்களா? ஷெஃப்லர் பட்டிங்குக்கென்று ஃபில் கென்யனைத் தனியாகச் சேர்த்துக்கொண்டார். யாருக்கு எந்தப் பொறுப்பு என்று எழுதிவைத்துக்கொண்டு பேசுவது இதனால்தான் முக்கியம்.

மாற்றம் நடுவழியில் இருக்கிறதா, தோற்றுவிட்டதா?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஸ்விங்கை மாற்றினால் முதலில் ஆட்டம் கெடும். நிக் ஃபால்டோ 1983-இல் ஐரோப்பாவின் முதல் நிலை ஆட்டக்காரர். 1985-இல் கோச் டேவிட் லெட்பெட்டரிடம் ஸ்விங்கை அடியோடு பிரித்துக் கட்டினார். இரண்டு ஆண்டுகள் வெற்றியே இல்லை. 1987-இல் முயர்ஃபீல்டில் கடைசிச் சுற்றின் 18 ஓட்டைகளிலும் பார் எடுத்து பிரிட்டிஷ் ஓபனை வென்றார். 1986-இல் தீர்ப்பு எழுதியிருந்தால்?

பார்க்க வேண்டியது பந்து தவறும் பக்கம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் (பந்தில் படும் பரப்பு); பந்து வளைவது, மட்டை வரும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். பாதை கோச் சொன்னபடி மாறி, முகம் இன்னும் பழகவில்லை என்றால் பந்து பெரும்பாலும் ஒரே பக்கம் தவறும். அதற்குப் பொறுத்திருக்கலாம். இடமும் வலமும் மாறி மாறிப் போனால் முகம் கட்டுப்பாட்டில் இல்லை. ஓர் ஆண்டாகியும் பாதையே மாறவில்லை, தவறுவது இருபக்கமும் நடக்கிறது, கோச்சும் அதே பாடத்தையே சொல்கிறார் என்றால் பழி அவருக்குத்தான்.

சிப்பையும் (கிரீன் ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கி அடிப்பது) கவனியுங்கள். ஃபோலியை விட்டுப் பிரிந்த பிறகு, 2015 ஜனவரியில் ஃபீனிக்ஸ் ஓபனில் வுட்ஸ் ஒரு சுற்றில் 82 அடிகள் எடுத்தார். கிரீன் ஓரத்தில் நின்று அடித்த சிப்களில் சில பாதி வழியில் நின்றன, சில கிரீனைத் தாண்டி மறுபக்கம் ஓடின. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டதாக அவரே சொன்னார். டிரைவரில் பந்து டீயின் மேல் நிற்பதால் சின்னப் பிழை மறைந்துவிடும். ஒட்ட வெட்டிய புல்லில் சிப் அடிக்கும்போது ஸ்விங்கின் அடிப்புள்ளி அரை அங்குலம் பின்னால் போனாலே மட்டை முதலில் மண்ணைத் தொடும். முழு ஸ்விங்குக்குச் சொன்ன மாற்றம் சிறு ஆட்டத்துக்குள் கசிகிறதா என்று கண்காணிப்பது கோச்சின் வேலை. கவனிக்காமல் விட்டிருந்தால் அது அவருடைய தவறு.

உடம்பின் கணக்கு தனி

காயம், அறுவை சிகிச்சை நாட்களை அதே தாளில் எழுதுங்கள். வுட்ஸுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது 2014 மார்ச் 31. ஃபோலியை விட்டுப் பிரிந்தது அந்த ஆகஸ்டில். இடைப்பட்ட மாதங்களின் ஸ்கோரை ஃபோலியின் கணக்கில் சேர்க்கவே கூடாது.

கோச்சை மாற்றியதும் மீண்டால்?

அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். கோச்சை மாற்றுவது பெரும்பாலும் ஆட்டம் அடிமட்டத்தில் இருக்கும்போதுதான். அங்கிருந்து கொஞ்சம் மேலே வருவது இயல்பு. ரிக்கி ஃபவுலர் 2022-இல் பழைய கோச் புட்ச் ஹார்மனிடம் திரும்பினார், 2023 ஜூலையில் நான்கு ஆண்டு வெற்றி வறட்சி முடிந்தது. ஆனால் அதே காலத்தில் கேடியையும் (மட்டைப் பை சுமக்கும் உதவியாளர்) பட்டிங் மட்டையையும் மாற்றியிருந்தார். மூன்றில் எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் மறுபடியும் அந்த நான்கு எண்களுக்குத்தான் போக வேண்டும்: பட்டிங் ஏறியதா, அப்ரோச் ஏறியதா?

மறுபக்கம் ஜோர்டன் ஸ்பீத். 2017 பிரிட்டிஷ் ஓபனுக்குப் பிறகு சரிந்து 2021 தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் 90-க்கும் கீழே இறங்கினார். அந்த ஏப்ரலில் டெக்சஸ் ஓபனை வென்றார். சரிந்தபோதும் மீண்டபோதும் கோச் அதே கேமரன் மெக்கார்மிக்.