பழைய மாளிகையில் தங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்

புதுப்பித்த பழைய மாளிகை ஒன்றில் அறை எடுக்கும்போது நான் முதலில் கேட்பது, "இந்த அறை பழைய கட்டடத்திலா, பிறகு கட்டிய பகுதியிலா?" என்பதுதான். பல மாளிகை ஹோட்டல்களில் பின்பக்கம் புதுக் கட்டடமும் இருக்கும். ஒரு முறை படத்தில் மாளிகையைப் பார்த்து ஆசையாகப் பணம் கட்டினேன். சாவி கொடுத்தது அந்தப் புதுக் கட்டடத்துக்கு. சுத்தமான, வசதியான அறை. ஆனால் நான் அதற்காகப் போகவில்லையே.

அடுத்து, அந்தக் காலத்தில் அது என்ன அறையாக இருந்தது என்று கேளுங்கள். வரவேற்புக் கூடமாக இருந்ததென்றால் கூரை உயரமாகவும் ஜன்னல் பெரிதாகவும் இருக்கும். பணியாளர்கள் படுத்த மாடி அறையென்றால் சின்னதாக இருக்கும், வாடகையும் குறையலாம். எனக்கு அந்த மாடி அறைகள்தான் பிடிக்கும். மரத்தளம் போட்ட வீட்டில் மேலே ஆள் நடந்தால் கீழே கேட்கும். உச்சி மாடியில் அந்தத் தொல்லை இல்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் படிகளைப் பற்றித் துருவிக் கேட்க வேண்டும். "லிஃப்ட் இருக்கிறது" என்ற பதில் போதாது. அம்மாவை அழைத்துப் போனபோது லிஃப்ட் இருந்தது. ஆனால் அதிலிருந்து இறங்கியதும் தரைமட்டம் மாறும் இடத்தில் ஐந்து படிகள், கைப்பிடி கிடையாது. மூன்று நாளும் என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். "வாசலிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி?" என்றே கேட்டுவிடுங்கள். சுவர் தடிமனாக இருப்பதால் வைஃபை திணறும். அறையில் வேலை பார்க்க வேண்டியிருந்தால் அதையும் விசாரியுங்கள்.

அறைக்குள் போனதும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு லேசாக மேடு பள்ளமாக, குளிர்ச்சியாக இருக்கும். சுவரில் ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். கட்டில் தலைமாட்டில் பூஞ்சை வாடை அடித்தால் தயங்காமல் வேறு அறை கேளுங்கள்.

கதவுகளையும் கவனியுங்கள். மாற்றிய பாகம் பழையதோடு இசைந்து போக வேண்டும், ஆனால் புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும் என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். அதனால் பழைய கதவில் நிறம் மாறிய மரத்துண்டு ஒட்டியிருந்தால் அதைக் குறை என்று எண்ண வேண்டாம். யாரோ பொறுப்பாக வேலை செய்திருக்கிறார்கள்.

அறையிலேயே அடைந்து கிடக்காதீர்கள். ஹைதராபாத் ஃபலக்னுமா அரண்மனையின் உணவு மேசையில் 101 பேர் உட்காரலாம். இப்படிப்பட்ட அதிசயங்கள் பொதுக் கூடங்களில்தான் இருக்கும். சுற்றிக் காட்ட ஆள் உண்டா, எத்தனை மணிக்கு என்று வந்த அன்றே கேட்டு வையுங்கள்.

மற்றவர்கள் எழும் முன் ஒரு காலையில் பெரிய படிக்கட்டுக்குப் போங்கள். கைப்பிடியின் மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். விரலை அடிப்பக்கம் விட்டுத் தடவினால், தச்சரின் உளித்தடம் இன்னும் தட்டுப்படலாம்.