வெளியிலிருக்கும் அன்டெனா இணைப்புகள்: மாரிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் ஒக்டோபரில் இடிமழை தொடங்கினால் வாடையோடு சேர்ந்து ஜனவரி வரை போகும். அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) அன்டெனாக்கள் பழுதாவது தெரியவருவதும் அந்த மாதங்களில்தான். ஆனால் பழுதின் வேர் பெரும்பாலும் கேபிள் இணைப்பைச் சுற்றிய டேப்புக்குள் முன்பே கிடந்திருக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலை அண்டிய இடங்களில் மழையில்லாத நாளிலும் கொனெக்டரில் (கேபிளை இணைக்கும் முனையில்) உப்பு படியும், அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அழுக்கும் ஈரமுமான கொனெக்டர் மூட்டின்மேல் எவ்வளவு இறுக்கி டேப் சுற்றினாலும், அரிப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் முடியும்.

அதனால் நேரம் முக்கியம். ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும் உலர்ந்த பகற்பொழுது இதற்கு மிகவும் ஏற்றது. மாலையில் கடற்காற்று திரும்பிய பிறகு மூட்டைத் திறக்க வேண்டாம். கொனெக்டரின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் டேப்பை எடுக்க வேண்டும்.

மரையால் முடுக்கும் பி.எல்-259 வகைக் கொனெக்டரை இறுக்கிவிட்டால் தண்ணீர் போகாது என்று நம்புவது பரவலான தவறு. அதில் ரப்பர் வளையமே கிடையாது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். திடீரென மழை பட்டுக் குளிர்ந்ததும் சுருங்கி, மரை வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். என்-வகைக் கொனெக்டரில் ரப்பர் வளையம் உண்டு. ஆனாலும் கடற்கரையில் அதற்கும் டேப் சுற்றுவதே நல்லது.

டேப் சுற்றுவதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். வெறும் இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றினால் வெயிலில் பசை இளகி, நுனி கிளம்பி, இடுக்கில் தண்ணீர் தேங்கும். மூன்று அடுக்கு வேண்டும். முதலில் இன்சுலேஷன் டேப், இழுக்காமல் ஒரே அடுக்கு. பின்னொரு நாள் மூட்டைக் கழற்றும்போது மரையில் ரப்பர் ஒட்டியிருக்காமல் இருக்கத்தான் இது. அதன்மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் டேப். அதன் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறையும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் அடுக்குகள் ஒன்றாகச் சேராது. இந்த அடுக்கு முதல் அடுக்கைத் தாண்டி, கேபிளின் உறைமேல் குறைந்தது 5 சென்ரிமீற்றராவது நேரடியாகப் படிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் அடுக்கின் விளிம்பே தண்ணீருக்கு வழியாகிவிடும். மேலே, வெயிலைத் தாங்கும் இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு.

நிமிர்ந்து நிற்கும் மூட்டில் கடைசி அடுக்கு கீழிருந்து மேலே போக வேண்டும். கூரைக்கு ஓடு போடும்போது கீழ் வரிசையை முதலில் வைப்பது போலத்தான். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் மழையைப் பார்த்துத் திறந்திருக்கும். கடைசிச் சுற்றை இழுக்காமல் வைத்து, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்து அறுத்த நுனி சுருங்கிச் சுருங்கித் தானாகவே கிளம்பிவிடும். சிலிக்கோன் ரப்பர் டேப் வாங்கியிருந்தால் மேலடுக்கு தேவையில்லை. அது வெயிலைத் தாங்கும், மற்ற டேப்பும் அதில் ஒட்டாது.

ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கோன் பசையைக் கொனெக்டரில் அப்புவது பெரும் கேடு. அது காயும்போது வினாகிரி மணம் வரும். அந்த அசற்றிக் அமிலம் செம்பை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். பசை வேண்டுமென்றால் அமிலமில்லாத, நடுநிலை வகையை வாங்குங்கள். சூட்டில் சுருங்கும் குழாயும் உட்பக்கம் பசை பூசியதாக இருக்க வேண்டும். பசையில்லாத குழாய் தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும்.

நடுவில் கேபிள் இணைந்து இரு பக்கமும் கம்பி நீளும் டைபோல் அன்டெனாவின் நடுப்பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. கேபிளைப் பிரித்து, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் செப்புப் பின்னலை முறுக்கி நேராகக் கம்பியில் பற்றவைத்துவிட்டு விடுகிறார்கள். அந்தப் பின்னலின் மெல்லிய இழைகளுக்கிடையே தண்ணீர் புகுந்து, கேபிளுக்குள் மீற்றர் கணக்கில் இறங்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பொக்ஸ் வையுங்கள். கேபிள் அடிப்பக்கத்தால் நுழையட்டும்; பின்னலின் நுனியை நடுநிலைப் பசையால் முழுதாக மூடுங்கள். பெட்டியை முற்றாக அடைக்க வேண்டாம். அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று இருந்தால் உள்ளே வியர்க்கும் நீர் வடிந்துவிடும். எறும்பு குடியேறாமல் துளைக்கு மெல்லிய வலைத்துண்டு ஒன்று போதும்.

அன்டெனாவின் அலுமினியப் பகுதியில் செம்பை நேரடியாக முடுக்கினால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். வெள்ளீயம் பூசிய முனையை வைத்து, இடையில் துருப்பிடிக்காத எஃகு வளையம் போடுங்கள். கடற்கரையில் 304-ஐ விட 316 தரம் நீடிக்கும்.

கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் துளைக்குக் கீழே 30 சென்ரிமீற்றர் தொங்கி மேலேறட்டும். துளையும் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். தொங்கலின் அடியில் மூட்டு எதுவும் வரக் கூடாது.

எஸ்.டபிள்யூ.ஆர். (அன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1-ஐ நெருங்கினால் நல்லது) நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதும் பிழை. நனைந்த கேபிள் சக்தியை விழுங்குவதால் திரும்பி வருவதும் குறையும். அன்டெனாவில் 3 ஆக இருப்பது, 3 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் ரேடியோப் பக்கத்தில் 1.7 என்றுதான் தெரியும். அனுப்பிய சக்தியிலோ பாதி வழியிலேயே போயிருக்கும். ஆகவே உலர்ந்த காலத்தில் அளவை எழுதி வையுங்கள். மழைக்குப் பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். காரணமில்லாமல் நல்லதாகிவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும். இடி முழங்காத நாளில் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மல்ரிமீற்றரை வையுங்கள். எந்தத் தடையையாவது காட்டினால் ஈரம் இறங்கியிருக்கிறது. உறையைச் சீவிப் பார்த்து, கறுத்த பின்னல் முடிந்து பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டியெறிந்து, புதிய கொனெக்டர் போடுங்கள்.