நண்பர்களின் கதைக்குக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் எழுதுகிறவர்கள் ஒரு மாலைப்பொழுதில் ஓரிடத்தில் கூடிக் கதை வாசிப்பது எளிதன்று. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் பல இடங்களில் இருட்டுவதற்கு முன்பே புறப்பட்டுவிடும். கொழும்பில் கடை வேலையில் இருக்கும் தம்பி, வளைகுடாவில் வீட்டுப் பணி செய்யும் அக்கா, உயர்தரம் படிக்கும் பிள்ளை, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று சிதறியிருக்கும் மலையக எழுத்தார்வலர்கள் இன்று தங்கள் சிறுகதையையும் கவிதையையும் முதலில் காட்டுவது வாட்ஸ்அப் குழுவில் உள்ள நண்பர்களுக்குத்தான். அந்த முதல் வாசிப்பு சரியாக அமைந்தால் கதை வளர்கிறது. தவறாக அமைந்தால் எழுதியவர் அடுத்த கதையை யாருக்கும் காட்டாமலே வைத்துக்கொள்கிறார், சிலர் எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள்.

பகிர்கிறவர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் சிறியவை, சுலபமாகத் திருத்திக்கொள்ளக் கூடியவை. யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் மற்றவரின் கைப்பேசியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும். அனுப்பிய செய்தியை வாட்ஸ்அப்பில் 15 நிமிடங்கள் வரை திருத்தலாம் என்பதால் சிலர் கதையை அதே இடத்தில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இதனால் ஒருவர் வாசித்த கதை வேறு, இன்னொருவர் கருத்துச் சொல்லும் கதை வேறு என்றாகிவிடுகிறது. முதல் வரைவு, இரண்டாம் வரைவு என்று தலைப்பிலேயே குறித்து, திருத்தியதைப் புதிய செய்தியாக அனுப்புவது நல்லது. இவற்றைவிட முக்கியமான குறை, எதற்காகப் பகிர்கிறோம் என்று சொல்லாமல் விடுவது. “முடிவு விளங்குகிறதா?”, “நடுப்பகுதி இழுக்கிறதா?” என்று ஒரு கேள்வியோடு வரும் கதைக்குக் கிடைக்கும் கருத்து, “வாசித்துச் சொல்லுங்கள்” என்று மட்டும் வரும் கதைக்குக் கிடைப்பதில்லை. பாராட்டு மட்டுமே வேண்டுமென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கருத்துச் சொல்கிறவர் பக்கத்துத் தவறுகள்தான் ஆழமானவை. அவற்றில் மலையகக் கதைகளுக்கு மிகவும் கேடு செய்வதாக நான் கருதுவது, கதையில் வரும் துன்பத்தைப் பாராட்டிவிட்டுக் கதையைப் பாராட்டியதாக எண்ணிக்கொள்வது. லயத்து வாழ்க்கையை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டு வாழ்க்கையைப் பற்றிய கதை வந்ததும் “கண்ணீர் வந்துவிட்டது”, “எங்கள் வலியைப் பதிவு செய்துவிட்டீர்கள்” என்று கைகூப்பும் குறிகளோடு செய்திகள் குவிகின்றன. அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த வாழ்க்கை அதை வரவழைத்ததா, இந்தக் கதையின் வரிகள் வரவழைத்தனவா என்பதைப் பிரித்துச் சொன்னால்தான் எழுதியவருக்கு ஏதேனும் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் தராசு முள் 18 இல் நிற்கிறது. கணக்கப்பிள்ளை தண்ணீருக்கும் சாக்குக்குமாக 3 கிலோவைக் கழித்து 15 என்று எழுதுகிறார். செல்லம்மா ஒன்றும் பேசாமல் வெறுங்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்புகிறாள். அதற்கடுத்த வரி: “இப்படித்தான் இருநூறு ஆண்டுகளாக எம் மக்களின் இரத்தம் உறிஞ்சப்படுகிறது.” இந்தக் கதைக்கு “அருமை” என்பதும் உதவாது, “பிரசார நெடி அடிக்கிறது” என்பதும் உதவாது. முன்னதில் தகவல் இல்லை. பின்னதில் தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. “3 கிலோ கழிபட்டதும் எனக்குக் கோபம் வந்தது, அளவு குறைந்ததால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும் என்று நானே கணக்குப் போட்டுவிட்டேன், அடுத்த வரியில் அந்தக் கோபத்தை நீங்கள் எடுத்துச் சொன்னதும் எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, அந்த வரியை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அக்கா” என்று சொன்னால், வாசிக்கும்போது எந்த இடத்தில் என்ன நடந்தது என்பது எழுதியவருக்குத் தெரிகிறது. அதன் பிறகும் அந்த வரியை வைத்துக்கொள்ள அவர் முடிவு செய்தால் அது அவருடைய உரிமை. எடுக்கத்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது கருத்துரை ஆகாது.

தோட்டத்துப் பேச்சைப் பிழையென்று திருத்துவது இன்னொரு பெருந்தவறு. பெரட்டுக்களம் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), காம்பரா (லயத்து அறை), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) போன்ற சொற்களுக்குப் பதிலாக நூல்வழக்குச் சொற்களைப் போடும்படி யாழ்ப்பாணத்து நண்பரோ தமிழ்நாட்டு நண்பரோ நல்லெண்ணத்தோடு பட்டியல் அனுப்புகிறார். சில வேளைகளில் நம் ஊர் ஆசிரியரே அதைச் செய்கிறார் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் எழுதக்கூடியவராக இருந்தும், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தப் பேச்சில் இலக்கியம் இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படியொரு வேலையை யாரும் மேற்கொள்ள மாட்டார்கள். சொல் விளங்கவில்லை என்றால் “இந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை” என்று சொல்வதே போதும். எழுத்துப்பிழை வேறு, லகர ளகர மயக்கத்தைத் தனிச்செய்தியில் சுட்டிக்காட்டினால் யாரும் நன்றியோடு ஏற்பார்கள். அண்மைக்காலமாக நண்பரின் கதையைக் கேட்காமலே செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டு “திருத்திய வடிவம்” அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி வரும் வடிவத்தில் பேச்சுவழக்கு பெரும்பாலும் காணாமற்போய்விடுகிறது, எழுதியவரின் அனுமதியும் அங்கே இல்லை. முழுக் கதையையும் தன் கையால் மாற்றி எழுதி அனுப்புவதும் இதே வகைத் தவறுதான்.

தகவல் பிழையைச் சுட்டுவது அவசியம், ஆனால் நம்முடைய மலையின் அனுபவத்தை எல்லா மலைக்கும் அளவுகோலாக்கிவிடக் கூடாது. பண்டாரவளைக் கதையொன்றில் ஜூலை மாதத்தில் வறண்ட காற்று புழுதியை வாரி அடித்தால், மேற்குச் சரிவிலுள்ள மஸ்கெலியாவில் இருப்பவருக்கு அது பிழையாகத் தோன்றும். அவருடைய வாசலில் அந்த மாதம் மழை விட்டிருக்காது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து போகிறது. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான அந்த வறட்சியில்தான் கூடுகிறது. ஆகவே “உங்கள் பக்கம் அப்போது வெயிலா?” என்று கேட்பதே முறை. நுவரெலியாவில் வெண்பனி கொட்டியது என்று கதை சொன்னால் மட்டும் தயங்காமல் சொல்லலாம்: அங்கே ஆண்டின் தொடக்க மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படியும், வெண்பனி பொழிவதில்லை.

எங்கள் குழுக்களில் மரியாதையும் ஒரு தடையாக நிற்கிறது. சேர், அதாவது ஆசிரியர், எழுதிய கதை என்றால் எல்லோரும் வாழ்த்துகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதிய கதை என்றால் எல்லோரும் திருத்துகிறார்கள். இரண்டு பேருக்குமே உண்மையான வாசகர் கிடைப்பதில்லை. மூத்தவரிடம் “சேர், இரண்டாவது பகுதியில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது” என்று பணிவோடு சொல்வதால் மரியாதை குறைந்துவிடாது. மூத்தவர்களே அப்படிக் கேட்டு வாங்கினால் இளையவர்களுக்குத் துணிவு வரும்.

பெண்கள் எழுதும் கதைகளுக்கு நடக்கும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதை நாயகி காதலித்தால், கணவனை விட்டு வெளியேறினால், உடனே “இது உங்கள் சொந்த அனுபவமா?” என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். ஒரே லயத்தில் பத்துக் குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழும் இடத்தில் இந்தக் கேள்வி சாதாரணமானதன்று. அது வதந்தியாகித் தோட்டம் முழுவதும் பரவக்கூடும். கதையைப் பற்றிய கருத்தைக் குழுவிலேயே, கதையைப் பற்றியதாகவே சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு: இன்ன டிவிசன் கங்காணி, இன்னாரின் மகள் என்று ஊரார் அடையாளம் காணும்படியான விவரங்களைப் பகிர்வதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். குழுவில் ஐம்பது பேர்தான் என்று எண்ணுவது தவறு. ஒரு ஸ்கிரீன்ஷாட் வெளியே போக ஒருவர் போதும்.

கருத்து வந்தவுடன் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவதையும் எழுதியவர் தவிர்க்க வேண்டும். வாசகருக்கு விளங்காத இடத்தை அரட்டையில் விளக்கிவிட்டால் அது கதைக்குள் சேர்வதில்லை. நன்றி சொல்லிவிட்டு இரண்டொரு நாள் ஆறப்போட்ட பின் பார்த்தால், மூன்று பேர் வெவ்வேறு காரணம் சொல்லி ஒரே பத்தியைத் தொட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். அவர்கள் சொன்ன தீர்வுகள் பிழையாக இருந்தாலும் அந்தப் பத்தியில் ஏதோ இருக்கிறது.

நண்பரின் கதையை வேறு குழுவுக்கு அனுப்புவதும், பெயரை நீக்கி முகநூலில் இடுவதும் அன்பினால் செய்தாலும் தவறே. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பை எங்கும் பதிவு செய்யாவிட்டாலும், எழுதிய கணத்திலிருந்தே அதன் உரிமை எழுதியவருக்கு உண்டு. அவர் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள் அது நீடிக்கிறது. அத்துடன் பல போட்டிகள் எங்கும் வெளிவராத கதையையே கேட்பதால், யாரோ ஆசையோடு பொதுவெளியில் இட்ட ஒரு பதிவு எழுதியவரின் வாய்ப்பைக் கெடுத்துவிடலாம். கேட்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதைக் குழுவின் விளக்கப் பகுதியில் நிர்வாகி எழுதி வைத்தால், புதிதாகச் சேருகிறவர் முதல் கதையை அனுப்புவதற்கு முன்பே அறிந்துகொள்வார்.