பழைய ஹெல்மெட்டுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயின்ட்: செய்யக் கூடாதவை

வண்டி ஓட்டும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடுகிறது. ஹெல்மெட்டில் கீறல் விழுந்திருக்கும், நிறம் வெளுத்திருக்கும். ஒரு கேன் வாங்கினால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை என்று இறங்கிவிடுவார்கள். அடித்து முடித்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நாங்கள் பெயின்ட் தொழில் பழகிய காலத்தில் செய்த பிழைகள் ஒன்றுவிடாமல் திரும்ப வருகின்றன.

கேனை நன்றாகக் குலுக்க வேண்டும், தூசி இல்லாத இடத்தில் அடிக்க வேண்டும், கீழே பேப்பர் விரிக்க வேண்டும் என்பதெல்லாம் கேனின் மேலேயே எழுதியிருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். பெயின்ட் வழிந்தால்கூடப் பெரிய விஷயமில்லை. காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். மறுபடி சரிசெய்யவே முடியாதவை சில உண்டு. பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அடிபட்ட ஹெல்மெட்டை எடுப்பது

தரையில் பலமாக மோதிய ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்குவதில்தான் அடியின் வேகம் குறைகிறது. ஒரு தடவை நசுங்கினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. வெளி ஓட்டில் உள்ள விரிசலில் பட்டி வைத்து மேலே நிறம் அடித்தால் விரிசல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அறக்கட்டளை, அடிபடாத ஹெல்மெட்டைக்கூட 5 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. முதலில் உள்ளே ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், அப்புறம் கேன் வாங்கப் போகலாம்.

தின்னரில் துடைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பிசுக்கு போகட்டும் என்று தின்னரில் துணியை நனைத்து ஹெல்மெட் முழுக்கத் தேய்க்கிறார்கள். இரும்பு கேட்டுக்கும் வண்டியின் டேங்குக்கும் அது சரியான வழி. அங்கே பழகிய கை ஹெல்மெட்டிலும் அதையே செய்கிறது. சிலர் பழைய நிறத்தை உரிக்க பெயின்ட் ரிமூவரையே பூசிவிடுகிறார்கள். செய்முறை காட்டும் வீடியோக்கள் பலவற்றிலும் முதல் வேலையே இதுவாக இருக்கிறது. எந்த ஓட்டுக்கு இது ஆகும், எதற்கு ஆகாது என்று ஒரு வார்த்தை கிடையாது.

எல்லா ஓடும் ஒன்றல்ல. விலை குறைந்த ஹெல்மெட்டுகளில் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் இருக்கும். இரண்டுமே உருக்கி அச்சில் செலுத்திச் செய்யும் பிளாஸ்டிக். இன்னொரு வகை பைபர். கண்ணாடி இழையோ கார்பன் இழையோ ரெசினில் ஊறி இறுகியது. பைபர் ஓடு கரைப்பான்களை ஓரளவு தாங்கும். பாலிகார்பனேட் தாங்காது.

அச்சிலிருந்து வெளியே வந்து ஆறும்போதே பாலிகார்பனேட்டுக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. ஓட்டைகளின் ஓரத்திலும் திருகு முடுக்கிய இடங்களிலும் அது அதிகம். அசிட்டோன், டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள்தான் தின்னரிலும் ஸ்ப்ரே கேன்களிலும் சாதாரணமாக இருப்பவை. அவை பட்டதும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிடிப்பைத் தளர்த்துகின்றன. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் இடம் மெல்லிய கோடுகளாக வெடிக்கிறது. மேலே பிரைமரும் நிறமும் ஏறிவிட்டால் அந்தக் கோடுகளை யாராலும் பார்க்க முடியாது. அடி விழும்போது வளைந்து கொடுத்து விசையைப் பரப்ப வேண்டிய ஓடு, அந்தக் கோட்டின் வழியே பிளந்துவிடலாம்.

விதிகளே இதைச் சொல்கின்றன. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் நடப்பில் உள்ள ஈசிஇ 22 விதிப்படி, பெயின்ட்டோ கரைப்பானோ வெளி ஓட்டைக் கெடுக்கும் என்றால், பெயின்ட், ஸ்டிக்கர், பெட்ரோல், வேறு கரைப்பான் எதையும் இதில் பூசாதீர்கள் என்ற எச்சரிக்கையை ஹெல்மெட்டில் ஒட்டியே ஆக வேண்டும். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 218 விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாதாரணமாகப் புழங்கும் சில பொருட்களே ஹெல்மெட்டைக் கடுமையாகக் கெடுக்கலாம், அந்தச் சேதம் அணிபவர் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம் என்று ஹெல்மெட்டிலேயே எழுதச் சொல்கிறது. உள் மெத்தையைக் கழற்றினால் பெரும்பாலும் அந்த லேபிள் இருக்கும். அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் முன்பு தெரிந்த பையன் ஒருவன் ஹெல்மெட்டோடு வந்தான். கருநீலம், மேலே கிளியர் எனும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, விரல் வைத்தால் வழுக்கியது. உண்மையிலேயே நல்ல கைவேலை. எதில் துடைத்தாய் என்று கேட்டேன். "தின்னர்லதான் அண்ணே, பழைய கலரை எல்லாம் சுத்தமா எடுத்துட்டேன்" என்றான். லேபிளில் பாலிகார்பனேட் என்று இருந்தது. வைசரைக் கழற்றிவிட்டு, திருகு உட்காரும் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் ஏறாத இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். ஓட்டையின் ஓரத்திலிருந்து வெளியே நோக்கி நாலைந்து கோடுகள். டார்ச்சை லேசாகத் திருப்பினால் மினுங்கின, இன்னும் திருப்பினால் மறைந்தன. உச்சியில் உள்ள காற்றுத் துளையின் மூடியை எடுத்தேன். உள்ளே தெர்மாகோலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி. அதன் ஓரம் உருகி உறைந்த மெழுகு போலக் கெட்டியாகிக் கிடந்தது. தின்னர் அந்த வழியாகச் சொட்டியிருக்கிறது.

"பெயின்ட் நல்லாத்தானே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. ஹெல்மெட் போய்விட்டது. இனி இதைத் தலையில் வைக்காதே என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. தின்னரில் துடைக்கச் சொன்னது கேன் விற்ற கடைக்காரராம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரும்புக்குச் சொல்கிற யோசனையை, ஒருவர் தலையில் மாட்டுகிற பொருளுக்கும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஆகவே லேபிளைப் பாருங்கள். பெயின்ட் கூடாது என்று இருந்தால் அதோடு நிறுத்துங்கள். லேபிள் கிழிந்துபோய், ஓடு எதனால் ஆனது என்று தெரியவில்லை என்றாலும் அதே முடிவுதான். அந்த ஹெல்மெட்டை சோப்புத் தண்ணீரில் துடைத்து அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். கீறல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பைபர் ஓடுதான், தயாரித்தவர்களும் பெயின்ட்டைத் தடுக்கவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள். அப்போதும் தின்னர் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பிசுக்கு விடாத இடத்தில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுத் துடைக்கலாம். அதைத் துணியில் ஊற்றுங்கள், ஓட்டின் மேல் ஊற்றாதீர்கள்.

காற்றுத் துளைகளை வெளியே மட்டும் மூடுவது

துளையின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். டேப்பின் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஸ்ப்ரேயின் புகை அந்த இடுக்கு வழியே நேராகத் தெர்மாகோலுக்குப் போகும். அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால், பார்சல் பெட்டியில் வரும் தெர்மாகோல் துண்டு ஒன்றை எடுத்து அதே கேனால் நெருக்கமாக அடித்துப் பாருங்கள். கண் முன்னால் குழி விழும். தெர்மாகோலின் பெரும்பகுதி காற்றுதான். சுற்றியிருக்கும் பாலிஸ்டைரீன் சுவர் கரைந்தால் அந்த இடம் அப்படியே உள்வாங்கிவிடும்.

மூடிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். துளைக்குள் காகிதத்தை உருட்டி அடைத்து, அதன் மேல் டேப் ஒட்டுங்கள். மெத்தையை எடுத்த பிறகு அடிப்பகுதி முழுவதையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையை (பீடிங்) ஒட்டிச் சுற்றிலும் டேப் போடுங்கள். பலரும் மறப்பது இந்த அடிப்பகுதியைத்தான். ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து அடிக்கும்போது புகை கீழே சுழன்று உள்ளே ஏறும்.

ஸ்ட்ராப்

பக்கிளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள்.

வைசருக்கு நிறம்

கூடாது.

இழை தெரியும் வரை தேய்ப்பது

பழைய பெயின்ட்டை முழுக்க எடுக்கத் தேவையே இல்லை. நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு, பளபளப்பு ஒரே சீராக மங்கும் வரை தேய்த்தால் போதும். 80, 120 நம்பர் உப்புத்தாளை எடுத்து ஆவேசமாகத் தேய்க்கிறவர்கள் இரண்டு கெடுதல் செய்கிறார்கள். ஒன்று, அதன் கோடுகள் எத்தனை கோட் அடித்தாலும் வெயிலில் எட்டிப்பார்க்கும். இரண்டாவது, பைபரின் இழை வெளியே வந்துவிட்டால் ஓட்டின் கனத்தையே குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். அந்தத் தூள் தோலில் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கீறல் ஆழமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் 400-இல் தொடங்கி 600-க்கு வாருங்கள்.

சிலிக்கோன் பாலிஷ்

டயருக்கோ டேங்குக்கோ பூசிய கையோடு ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். அது பட்ட இடத்தில் பெயின்ட் வட்ட வட்டமாக விலகும்.

ஒரே கோட் பெயின்ட்டில் மூடிவிடப் பார்ப்பது

ஹெல்மெட் உருண்டை. தட்டையான பலகையில் அடித்துப் பழகிய கை இங்கே ஏமாறும். உச்சி உங்கள் கைக்கு நெருக்கமாக வரும், கன்னப் பகுதி விலகிப் போகும். உச்சியில் வழியும்போது கன்னத்தில் சொரசொரப்பாகத் தூள் படியும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தை விடாமல், உருண்டையோடு சேர்ந்து கையும் வளைய வேண்டும். ஹெல்மெட்டுக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, அதைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். முதல் கோட்டில் அடியில் உள்ள நிறம் தெரியத்தான் வேண்டும். தெரியாவிட்டால் அதிகமாக அடித்துவிட்டீர்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை நேரக் கணக்கு. எனாமல் வகை கேன்களில் அடுத்த கோட் எப்போது என்று குறிப்பு இருக்கும்: முதல் கோட் அடித்து இத்தனை நேரத்துக்குள், இல்லையென்றால் இத்தனை மணி நேரம் கழித்து. நடுவில் அடித்தால், அரைகுறையாகக் காய்ந்த கோட்டுக்குள் புதிய கோட்டின் கரைப்பான் ஊறி, மொத்தமும் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். அப்படி எழும்பியதை மேலே இன்னொரு கோட் அடித்து மூட முடியாது. நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். பிரைமர் ஒரு நிறுவனம், நிறம் ஒரு நிறுவனம், கிளியர் இன்னொன்று என்று கலந்தாலும் இதே கதை நடக்கலாம். மூன்றையும் ஒரே வரிசையில் வாங்குங்கள்.

மழை நாளில் கிளியர் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து கிளியர் வெள்ளையாகப் பூத்துவிடும்.

டூ-கே கிளியரை வீட்டில் அடிப்பது

ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் மற்றவற்றைவிட உறுதியானது, பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். அதனால்தான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதைச் சுவாசித்து ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே பட்டாலும் ஆஸ்துமா போல மூச்சு இறுக்கும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. பெயின்ட் அடிக்கத் தனி அறையும் வெளிக்காற்றுக் குழாயோடு வரும் முகக்கவசமும் உள்ள பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை யோசிக்கவே வேண்டாம். சாதாரண கேன் அடிக்கும்போதும் கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள்.

ஹீட் கன், ஹேர் டிரையர், ஓவன்

பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். நுரையாக ஊதிய தெர்மாகோல் அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கும். பெயின்ட் தானாகக் காயட்டும்.

டேப்பைக் காயவிட்டு உரிப்பது

கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாமலும், அதே சமயம் முழுக்க இறுகாமலும் இருக்கும்போதே டேப்பை மடித்துத் தாழ்வாக இழுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும். அதற்குப் பயந்து பிளேடால் கீறி எடுக்கிறவர்கள் உண்டு. பிளேடு டேப்போடு நிற்காது, ஓட்டிலும் கோடு போடும்.

மறுநாளே மாட்டிக்கொண்டு கிளம்புவது

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்குக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எனாமல் முழுக்க இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பீடிங்கை ஒட்டிய, பார்வைக்குத் தெரியாத ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள். அப்புறம் உள்ளே முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாடை வந்தால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அதை நீங்கள்தான் முகத்தோடு முகமாகச் சுவாசிக்கப் போகிறீர்கள். காற்றோட்டமான நிழலில், மெத்தையை மாட்டாமல், வாடை போகும் வரை விட்டுவையுங்கள். வைசரைத் திரும்ப மாட்டும்போது திருகுகளைக் கையால் நிற்கும் வரை சுற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரில் லேசாக ஒரு பிடி பிடித்தால் போதும். புதுப் பெயின்ட் முதலில் உடைவது அந்தத் திருகுத் தலையின் அடியில்தான்.