கெட்டிக்காரர் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைத் தராதீர்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருக்கிறேன். என் கீழே ஐந்து பேர்.

முன்பு இருந்த தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு, என் பொறுப்பு. மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து சம்பளக் கணக்கை முடிப்பேன். "நீ கெட்டிக்காரிம்மா" என்பார் மேனேஜர். மறுநாளே இன்னொரு டிவிஷன் கணக்கும் என் மேசைக்கு வந்துவிடும். இரண்டு வருடத்தில், விடியற்காலைப் பெரட்டை (ஆட்களைக் கூட்டிப் பேர் பதிவதை) நினைத்தாலே வயிறு கலங்கியது. கணக்கில் தப்பு வந்தால் வரட்டும் என்றுகூடத் தோன்றியது. எனக்கு அதுதான் பெரிய பயம்.

தீராத களைப்பு, வேலையில் ஒட்டாத மனம், செய்வது எதுவும் உருப்படாது என்ற எண்ணம். பணிச்சோர்வுக்கு (burnout) உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன மூன்று அடையாளங்களும் எனக்கு இருந்தன. இதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தால் வருவது என்றார்கள். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டிய இடமும் அதுதான்.

பாராட்டும்போது நடந்ததைச் சொல்லுங்கள். "நன்றாகச் செய்தாய்" போதாது. "உதிரிப்பழக் கணக்கில் மூன்று மூட்டை விட்டுப்போனதை நீ பிடித்தாய், இல்லையென்றால் அதைப் பொறுக்கிய அக்காவுக்குக் கூலி குறைந்திருக்கும்" என்று அன்றைக்கே சொல்லுங்கள். கூட்டத்தில் பேர் சொன்னால் கூசிப்போகிறவர்களும் உண்டு, அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். மேனேஜர் கேட்கும்போது, செய்தவர் பேரை மறக்காமல் சொல்லுங்கள்.

தப்பே வராத ஆளை யாரும் கவனிப்பதில்லை. அவசரத்தில் ஓடி வந்து காப்பாற்றியவருக்குத்தான் கைதட்டல். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் பேரையும் எழுதிப் பார்ப்பேன். அந்த வாரம் யாரிடம் ஒன்றுமே சொல்லவில்லையோ, பெரும்பாலும் அவர்தான் அமைதியாகச் சுமந்துகொண்டிருப்பார்.

ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல், உழைப்புக்கு ஈடான பலன் கிடைக்காதபோதுதான் மனிதர் நொந்துபோகிறார் என்று விளக்கினார். பலன் என்று அவர் சொன்னதில் சம்பளம், மதிப்பு, வேலை உறுதி மூன்றும் அடங்கும். மதிப்பை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் ஈடுகட்ட முடியாது.

ஏற்கெனவே சோர்ந்தவரிடம் புகழ்ச்சி வேண்டாம். "எதை உன்னிடமிருந்து எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். போன மாதம் ஒரு தம்பியிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "டீசல் கணக்கு, அக்கா" என்றான். மேனேஜரிடம் பேசி அதை ஸ்டோர் கிராணிக்கு மாற்ற இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை தினமும் அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதினேன்.