பழைய சிட்காம் டைட்டிலில் ஒளிந்திருக்கும் காமெடியன்களைப் பிடிப்பது எப்படி?

பெயர் பெற்ற காமெடியன்கள் பலர் சிட்காம்களுக்கு, அதாவது டிவி நகைச்சுவைத் தொடர்களுக்கு, எழுதியும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைப் பிடிக்க வேண்டுமானால் டைட்டிலை ஓட்டிவிடாதீர்கள், முதல் வேலை அதுதான். பழைய அமெரிக்க சிட்காம்களில் எழுதியவர் பெயர் பெரும்பாலும் ஆரம்பப் பாட்டோடு வராது. கதை தொடங்கிய பிறகு, யாராவது கதவைத் திறந்து உள்ளே வரும்போது, இயக்குநர் பெயருக்குச் சற்று முன்னால் ஓரிரு விநாடி வந்து மறையும். நிறுத்திப் படியுங்கள்.

'சான்ஃபோர்டு அண்ட் சன்' நல்ல ஆரம்பம். லாஸ் ஏஞ்சல்ஸில் பழைய சாமான் கடை நடத்துகிற ஒரு கறுப்பின அப்பாவும் மகனும், 1972இல் தொடங்கிய தொடர். அந்த வருடமே அதில் காமெடியன்கள் ரிச்சர்ட் பிரையர், பால் மூனி இருவரும் எழுதியிருக்கிறார்கள். அடுத்து 1975, 76 எபிசோடுகளுக்கு வந்தால் கேரி ஷாண்ட்லிங் பெயர் கிடைக்கும். அரிசோனாவில் வளர்ந்த வெள்ளைக்கார இளைஞர், மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லும் ஸ்டாண்ட்-அப்பில் அப்போது இன்னும் பெயர் எடுக்காதவர், அந்தக் கறுப்பினக் கிழவனின் வாய்க்குத் திட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை என்னால் இன்னமும் சட்டென்று நம்ப முடிவதில்லை.

இரண்டு பெயர் சேர்ந்து வந்தால் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனிப் பெயர்களில் 'அண்ட்' என்பதற்குப் பதிலாகப் போடுவார்களே, அந்த வளைந்த குறி இருந்தால் இருவரும் ஜோடியாக உட்கார்ந்து எழுதியவர்கள். 'அண்ட்' என்று எழுத்தில் விரித்திருந்தால் தனித்தனியாக வேலை செய்தவர்கள், பல நேரம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தியிருப்பார். அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கத்தின் விதி இது. அப்புறம், 'ஸ்டோரி எடிட்டர்', 'கோ-புரொட்யூசர்' என்று வருகிறவர்களைப் பணம் போட்டவர்கள் என்று தாண்டிப் போய்விடாதீர்கள், அவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்தாளர்கள்தான்.

டைட்டிலே முழு உண்மை இல்லை என்பதுதான் தொந்தரவு. சிட்காம் என்பது பத்துப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவர் ஸ்கிரிப்டில் மற்றவர்கள் ஜோக்கைச் செருகுகிற வேலை. காமெடியன் நார்ம் மெக்டொனால்டு 'ரோசன்' என்ற சிட்காமின் அப்படிப்பட்ட அறையில் இருந்தவர், ஆனால் எந்தச் சிரிப்பு அவருடையது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பின்னால் இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளராகப் புகழ்பெற்ற டேவிட் லெட்டர்மேன் 'குட் டைம்ஸ்' என்ற சிட்காமுக்கு எழுதினார் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அவர் ஜோக் எழுதிக் கொடுத்தது அதில் நடித்த ஜிம்மி வாக்கரின் மேடை நிகழ்ச்சிக்கு. நடிகருக்கு எழுதுவது வேறு, தொடருக்கு எழுதுவது வேறு.

கோனன் ஓ'பிரையன் விஷயத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடரில் ஒரு வியாபாரி பாட்டுப் பாடியே ஊருக்கு மோனோரயிலை விற்கிற எபிசோடு அவர் பெயரில்தான் 1993 ஜனவரியில் வந்தது, அதே செப்டம்பரில் அவர் இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளர்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டனில் இருக்கிறது. 'டாக்டர் அட் லார்ஜ்' என்ற 1971 தொடரில் காமெடியன் ஜான் கிளீஸ் எழுதிய ஒரு எபிசோடில், இளம் டாக்டர் ஒரு சின்ன ஹோட்டலில் தங்குவார், முதலாளி சிடுமூஞ்சி. நான்கு வருடம் கழித்து கிளீஸே அப்படி ஒரு முதலாளியாக நடித்த தொடர்தான் 'ஃபால்டி டவர்ஸ்'. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், 1971ஐ முதலில்.